காளி வந்த காருக்கு டீசல் போட்ட கதை

நான் வேலையிலிருந்து நின்ற அன்று பெட்ரோல் பங்க்கில் எனக்குச் சால்வை போர்த்தி, கேக் வெட்டி, போட்டோ எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, இப்போது பம்பில் நிற்கிற பிள்ளைகள் என்னை விடவில்லை. "எக்கா, உண்மையச் சொல்லுங்க. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட மாத்திப் போட்டதில்லையா?" என்று சுற்றி நின்று கேட்டார்கள். முந்தின வாரம்தான் அவர்களில் ஒருத்தி, டீசல் ஜீப் ஒன்றில் பெட்ரோலைப் போட்டுவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று சொல்ல ஆரம்பித்தேன். நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற கதையா அது! பாதியில் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. மீதியை எழுதித் தாருங்கள் என்றார்கள். எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது என்றேன். பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்றார்கள். சரி, வம்பை விலைக்கு வாங்கியது அவர்கள்தான்.

என் பெயர் எஸ்தர். பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுத்த பிறகுதான் நான் வேலைக்கு வந்தேன். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டில். திருச்செந்தூர் ரோட்டில், பாளையங்கோட்டையைத் தாண்டியதும் இருக்கிற அந்தப் பங்க்கில், பெண்களை வேலைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று மேனேஜர் நினைத்த நேரம் அது. நான், பேச்சியம்மாள், வள்ளி என்று மூன்று பேர் சேர்ந்தோம். நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நாங்கள் நின்றதைப் பார்க்கவே, பெட்ரோல் தேவைப்படாதவர்கள்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பேச்சியம்மாள் முதல் வாரம் முழுக்கத் தலையை நிமிர்த்தவே இல்லை. நான் நேர்மாறு. முறைத்துப் பார்த்தவனை நானும் முறைத்தேன். வேலை பழகியது பாதி அப்படித்தான்.

முதலாளிக்கு எங்களை எடுத்ததில் இஷ்டமே இல்லை. டவுனில் பெரிய குடும்பம், வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். ஊரே அவரைப் பெரியண்ணாச்சி என்று கூப்பிடும். நாங்கள் சேர்ந்த அன்றே, எங்கள் காதில் விழும்படியாக மேனேஜரிடம் சொன்னார்: "மூணு பொம்பளையளக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கீரு. வண்டியில மாத்திப் போட்டு ஒரு பிராது வந்தாலும் மூணு பேரையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிருவேன் வே. பெறவு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது, ஆமா."

ஆண்கள் மாற்றிப் போட்டால் போட்டவனுக்கு மட்டும் திட்டு. நாங்கள் போட்டால் மூன்று குடும்பத்துக்கும் அடுப்பு அணையும். இது எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்குக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கு என்றால் கேட்டிருப்பேன்.

மேனேஜர் சங்கரலிங்கம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நெற்றி நிறைய விபூதி, கஞ்சி போட்ட சட்டை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும் மனிதர். சாதாரணமாகப் பேசினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். காதருகில் வந்து, "தாயி, இங்கன பைய வா" என்று கூப்பிட்டால் தொலைந்தோம். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பங்க்கில் ஓடக்கூடாது, ஓடினால் பார்ப்பவன் தீப்பிடித்ததோ என்று பயப்படுவான் என்பார்.

காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் அவர் செய்கிற சோதனைகளைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நீளக் கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி, மண்ணுக்குள் இருக்கும் தொட்டியில் இறக்குவோம். அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் பசை நிறம் மாறிவிடும். பிறகு கண்ணாடி ஜாடியில் பெட்ரோலைப் பிடித்து, அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரைப் பைய இறக்கி, அது ஆடி அடங்கும் வரை காத்திருப்பார். அந்த நேரத்தில் நாங்கள் தும்மினால்கூட ஒரு பார்வை வரும். அது அடங்கியதும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, கண்ணை எண்ணெய் மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் படிப்பார். "மேலருந்து பாத்தா பொய் சொல்லும் தாயி. அதுக்குச் சரியா நம்மதான் குனியணும்." கடைசியில் வடிதாள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுப் பெட்ரோலை விட்டுக் காற்றில் ஆட்டினால், கறை இல்லாமல் பறந்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை வட்டமாக நின்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. தினமும் இதைச் செய்யும்போது அவர் முகத்தில் ஒரு பூசைக்களை வந்துவிடும்.

வண்டிக்குப் போடுவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பெட்ரோலா டீசலா என்று நாம் கேட்க வேண்டும். வண்டிக்காரர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். மீட்டரில் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் குழாயை வண்டிக்குள் விட வேண்டும். மாதம் முப்பது நாளும் வருகிறவரானாலும் சரி, கேட்காமல் விடக்கூடாது.

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் எங்களிடம் வாடிக்கையாக வருவார். "வழக்கம்போலத்தான்" என்பார், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். நானும் விடமாட்டேன். ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருஷம் பாடம் எடுத்தவன்கிட்டயே ஒப்பிக்கச் சொல்லுதியா நீ?" என்றார். ஆமா சார், ஒப்பிச்சாத்தான் பெட்ரோல் என்றேன். காரை விட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "பெட்ரோல், டீச்சர்" என்றார். அன்றிலிருந்து அவர் வந்தால் அதுதான் எங்கள் வணக்கம். நல்ல மனுஷன்.

மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறோம். மணிமுத்தாறு அருவிக்குக் கிளம்பிய ஒரு கூட்டம், வேறெங்கோ டீசல் வண்டிக்குப் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு, ஸ்டார்ட் செய்து, பாட்டுச் சத்தத்தில் என்ஜின் அலறுவது கேட்காமல் எங்கள் வாசல் வரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்ஜின் அங்கேயே உயிரை விட்டது. சார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னது இதுதான்: மாற்றிப் போட்டது தப்பு, ஆனால் சாவியைத் திருப்புவதுதான் பெரிய தப்பு. சாவியைத் திருப்பாத வரை எண்ணெய் டேங்கோடு நிற்கும், வடித்துவிடலாம். திருப்பிவிட்டால் அது குழாய், பம்பு, என்ஜின் என்று நாடி நரம்பெல்லாம் ஓடிவிடும். அதனால் தப்பு நடந்தது தெரிந்தால் முதலில் கத்தாதே, சாவியைப் பிடி.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த மறு வருஷம், குலசேகரன்பட்டினத்தில், எங்கள் பேச்சில் குலசையில், தசரா, பத்தாம் நாள். எங்கள் ரோடு அன்றைக்கு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியவர்கள் வேனிலும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். ராஜா பெட்ரோல் போடுவார், கரடி காற்றுப் பிடிக்கும், குறத்தி சில்லறை கேட்பாள். நான் கிறிஸ்தவப் பெண், அது எங்கள் சாமி இல்லை என்றாலும், அந்த நாளில் வேலை பார்க்க ரொம்பப் பிடிக்கும். வேடிக்கைக்கு வேடிக்கை, மனசுக்கும் என்னவோ ஒரு நிறைவு.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், ஒரு பழைய சின்னக் கார் வந்து என் பம்பில் நின்றது. ஓட்டி வந்தது காளி. சிவப்புச் சேலை, முகமெல்லாம் கருநீலச் சாயம், காலில் சலங்கை. கிரீடமும் சடையும் சூலமும் குங்குமத் தட்டும் பின்சீட்டில், அட்டைக் கைகள் எட்டும் காருக்கு மேலே கட்டிக் கிடந்தன. கூட வந்த மனைவி ஒரு சின்னப் பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, பின்னால் கழிப்பறைக்குப் போனார்.

"பெட்ரோலா டீசலா?" என்றேன். காளி பேசவில்லை. வாயைப் பொத்திக் காட்டி, வானத்தைக் காட்டினார். பேசாத விரதம் என்று புரிந்தது. இறங்கி வந்து தானே எண்ணெய் மூடியின் கதவைத் திறந்தார். அதில் டீசல் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைச் சாயம் பூசிய விரலால் தட்டிக் காட்டினார். "டீசலா?" என்றேன். தலையாட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாயால் சொல்லாமல் போட்டுப் பழக்கமில்லையே! குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

சங்கரலிங்கம் சார் அறையை விட்டு வெளியே வந்தார். காளியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன தாயி?"

"வாயால சொல்ல மாட்டேங்காவ சார்."

"அம்பாள் வாயால வேற கேக்கணுமாக்கும்? கை காட்டிட்டாள்லா. போடு."

போட்டேன். டேங்க் நிறையப் போட்டு மூடியை மூடினேன். காளி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து சாவியைக் கையில் எடுத்தபோது, அந்த அம்மா குழந்தையோடு திரும்பி வந்தார். என் கையில் இருந்த டீசல் குழாயைப் பார்த்தார்.

"ஐயையோ! இது பெட்ரோல் வண்டில்லா! எங்க அண்ணன் வண்டி, எனக்குத் தெரியாதா? டீசலையா போட்டிய?"

அப்போதுதான் சங்கரலிங்கம் சார் ஓடினார். எங்கள் பங்க்கில் அவர் ஓடி நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் காளியின் கையோடு சேர்த்துச் சாவியைப் பிடித்துக்கொண்டார். "திருப்பிராதீங்க தாயே, திருப்பிராதீங்க" என்றார். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. சாவி திரும்பவில்லை. தப்பித்தது அந்த என்ஜின்.

காளி இறங்கினார். அந்தக் கோபத்தை நான் எப்படி எழுதுவேன்? பேச முடியாது, திட்ட முடியாது. கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, காலைத் தரையில் ஓங்கி மிதித்தார். சலங்கை ஜல்லென்றது. என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இன்னொரு மிதி. ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நின்ற சனம் என்ன நினைத்தது தெரியுமா? காளிக்கு அருள் வந்துவிட்டது என்று! "தாயே! அம்மா!" என்று கும்பலாக உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையை நீட்டுகிறாள், ஒருத்தர் காலில் விழுகிறார், அந்த அம்மா அவசரமாக எடுத்து நீட்டிய குங்குமத் தட்டில் காணிக்கை விழுகிறது. பாவம் காளி, இருக்கிற கோபத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு ஒவ்வொரு நெற்றியிலும் குங்குமம் வைக்க வேண்டியதாயிற்று.

அத்தோடு போச்சா? ஒரு மகராசி தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்துவிட்டாள். பெட்ரோல் பங்க்குக்குள்! வள்ளி பாய்ந்து போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினாள். சார் கையெடுத்துக் கும்பிட்டு, காதில் விழுகிறதோ இல்லையோ என்ற குரலில், "தாயி, கற்பூரம் வெளிய போயிக் காட்டலாம். அம்பாளையும் வெளிய கூட்டிட்டுப் போயிருவோம், வாங்க, வாங்க" என்று மொத்தக் கூட்டத்தையும் காளியோடு வாசலுக்கு வெளியே, ரோட்டோர வேப்பமரத்தடிக்கு நகர்த்திக்கொண்டு போனார். அந்த அம்மா பின்னாலேயே ஓடி, கிரீடத்தைப் புருஷன் தலையில் வைத்து, சூலத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

நாங்கள் காரைத் தள்ளி, காற்றுப் பிடிக்கிற மூலையில் நிறுத்தினோம். இனி வடிக்க வேண்டும். மெக்கானிக்குக்கு எங்கே போவது? ஆயுத பூஜையும் தசராவும் சேர்ந்த விடுமுறை, ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டு. பக்கத்து ஒர்க்‌ஷாப் இசக்கியின் வீட்டுக்குப் பேச்சியம்மாள் ஓடினாள். குலசைக்குப் போகத் தன் கூட்டத்து வேனுக்காகக் காத்திருந்தவனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். வந்தது குரங்கு. உடம்பெல்லாம் ரோமச் சட்டை, முகத்தில் செஞ்சாயம், பின்னால் கம்பி வைத்த நீள வால்.

"எக்கா, இந்த வாலக் கொஞ்சம் பிடிச்சிக்கிடுங்க. டேங்க்ல மாட்டிரப்பிடாது" என்று சொல்லிவிட்டு இசக்கி காருக்கு அடியில் படுத்தான். நான் அழுதுகொண்டே வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சத்தியமாக வரவில்லை.

டேங்குக்கு அடியில் இருந்த நட்டைக் கழற்றி, டீசலை டிரம்மில் பிடித்தான். பிறகு கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி, காரை இரண்டு பக்கமும் ஆட்டி, அலசி, மறுபடி வடித்தான். சார் வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். எண்ணெய் வட்டம் நின்றது. தலையை அசைத்தார். மறுபடி அலசல். மறுபடி தாள். வட்டம் சின்னதாகியும் போகவில்லை. "போதும் சார், ஓடிரும்" என்றான் இசக்கி. "ஓடும்டே. தேரி மணல்காடு தாண்டிக் குலசை போய்ச் சேருமா?" என்றார் சார்.

அந்த நேரத்தில்தான் அந்த அம்மா என்னிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் பத்தமடைக்காரர்கள். மகளுக்கு நாலு வயது வரைக்கும் பேச்சு வரவில்லை. "என் மகளப் பேச வையி, மூணு வருஷம் காப்புக் கட்டி அதை அறுக்கிற வரைக்கும் வாய் திறக்காம உன் வாசலுக்கு வாரேன்னு அவுக நேந்துக்கிட்டாவ. இவ பேசிட்டா. இப்ப வாய மூடத்தான் ஆளு இல்ல. இது மூணாவது வருஷம். இன்னைக்கு ராத்திரி கடக்கரையில சம்ஹாரம், நாளைக்குக் காப்பு அறுத்தா முடிஞ்சுது. ரெண்டு வருஷமும் ஒரு சொல்லு பேசினதில்ல. தேள் கொட்டினப்பகூட சத்தம் போடல." மூடியில் எப்படி டீசல் என்று வந்தது என்றும் அவரே சொன்னார். அண்ணன் வண்டியை எங்கோ இடித்து, அந்தக் கதவு நசுங்கி, பழைய சாமான் கடையிலிருந்து வேறு வண்டியின் கதவை வாங்கி மாட்டியிருக்கிறார். அண்ணனுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும். இரவல் வாங்கிவந்த மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கண்ணால் பார்த்ததை நம்பினார். அதில் அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

சம்ஹாரத்துக்குள் போய்ச் சேர வேண்டுமே என்று அந்த அம்மா கையைப் பிசைந்தார். நான் என் மனசுக்குள் என் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான், அந்தத் தாளில் கறை நிற்கக்கூடாது.

மூன்றாவது அலசல் முடிந்து தாளில் விட்ட சொட்டுச் சுத்தமாகப் பறந்துபோனது. சார் தாளை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக மூச்சு விட்டார். சரியாக அப்போது உள்ளே நுழைந்தது முதலாளியின் வெள்ளைக் கார்.

அவரும் குலசைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். இறங்கிப் பார்த்தால், வாசலில் சனக் கூட்டம், பம்பில் வண்டி நெரிசல், மூலையில் காருக்கு அடியில் ஒரு குரங்கு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நான். அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாத்திப் போட்டாச்சு, என்ன? யாரு?"

நான் வாய் திறக்கும் முன் சார் முன்னால் வந்தார். "நான் போடச் சொன்னேன். இந்தப் பிள்ள கேட்டுக்கிட்டுத்தான் நின்னுது. வாயால சொல்லட்டும்னு நின்னுது. நான்தான் போடுன்னேன்."

"நீரு சொன்னீரு. பிடிச்சது யாரு கை? அன்னைக்கே சொன்னேனா இல்லையா வே? மூணு பேரும் சட்டையக் கழத்திக் குடுத்துட்டுப் போச் சொல்லும். நாளைலருந்து வர வேண்டாம்."

"அப்ப என் சாவியையும் வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் சார். இடுப்பில் இருந்த சாவிக் கொத்தை எடுத்து நீட்டினார். அவருக்கும் கல்யாணத்துக்கு நின்ற மகள் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். முதலாளி அந்தச் சாவியைப் பார்க்கக்கூட இல்லை. பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வள்ளி என்னைப் பார்த்தாள். வீட்டில் படுத்திருக்கிற மனுஷனும், பள்ளிக்கூடப் பையோடு நிற்கிற இரண்டு பிள்ளைகளும் என் கண் முன்னால் வந்தார்கள். என்னால் பேச்சியம்மாள், வள்ளி சோறும் போச்சே!

சலங்கைச் சத்தம் கேட்டது. மரத்தடியிலிருந்து காளி வந்துகொண்டிருந்தார், பின்னால் கூட்டம். கிரீடமும் சூலமுமாக வந்து, எனக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்றார். என்னைப் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம், வேண்டாம், நாளைக்கு முடிஞ்சிரும்லா" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

காளி வாய் திறந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. அது ரெண்டு தடவ கேட்டுது. டீசல்னு கை காட்டினது நான். இரவல் வண்டி, எனக்குத் தெரியல. யாரு வேலையும் போகப்பிடாது."

பத்து நாள் பேசாத தொண்டை. குரல் உடைந்து, கரகரத்து வந்தது. கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். "அம்மா பேசிட்டா!" என்று ஒரு கிழவர் தரையில் விழுந்தார். முதலாளி காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டுக் கை குவித்தார். "சரி தாயி. ஒருத்தரும் போகாண்டாம். சரி" என்றார். சாரின் சாவிக் கொத்தை அவரே வாங்கி, சாரின் இடுப்பில் செருகினார்.

எனக்கு அழுகையும் வந்தது, பயமும் வந்தது. அந்த அம்மா காரின் மேல் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தார். சார் அவரிடம் போய், "மனசு வருத்தப்படாத தாயி. வேஷம் கட்டியாச்சுன்னா பேசினது உன் வீட்டுக்காரர் இல்ல, அம்பாளாக்கும். விரதம் முறியாது" என்றார்.

"இல்ல சார். அது அவுக குரல்தான். பத்து நாளா நான் கேக்காத குரல். எனக்குத் தெரியாதா?"

காளி மறுபடி வாயை மூடிக்கொண்டார். மனைவியின் தோளைத் தொட்டுத் திருப்பி, கடல் இருக்கிற திசையைக் காட்டி, மூன்று விரல்களை நிமிர்த்திக் காட்டினார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு, அழுகைக்கு நடுவில் சிரித்தேவிட்டார். எனக்கும் புரிந்தது. முதலிலிருந்து இன்னும் மூன்று வருஷம்.

பெட்ரோலைப் போட்டுக்கொண்டு, கூட்டத்து வேனைத் தவறவிட்ட இசக்கியையும் வாலோடு பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது. சுத்தமான சத்தம், புகையே இல்லை. வளைவு திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மறு வருஷமும் பத்தாம் நாள் வந்தார்கள். அதே கார், மூடிக் கதவில் ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தார்கள். அந்த அம்மா என்னிடம் முகம் கொடுக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அது நியாயம்தானே! அதற்கு மறு வருஷம் அவரே இறங்கி வந்து, "போன வருஷம் உங்க மேல கோவமாத்தான் இருந்தேன், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று பக்கத்தில் நின்று பேசினார். பேர் கேட்டேன், தன் பேரைச் சொன்னார், என் பேரையும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார். மகள்காரி சொல்ல வாயெடுத்தபோது அவள் வாயையும் பொத்திவிட்டார். காளி உள்ளேயிருந்து எனக்குக் கும்பிடு போட்டார், நான் பதிலுக்குப் போட்டேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் போகும்போது வந்தார்கள். திரும்பி வந்த அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் சோதனை. நான் மறுநாள் வந்தபோது பேச்சியம்மாள் சொன்னாள்: "ஏட்டி, நேத்துச் சாயங்காலம் அந்தக் காளி வந்தாவ. முகம் கழுவி, சட்டை வேட்டி. எனக்கு ஆளே தெரியல. எஸ்தர் எங்கன்னு கேட்டாவ. நல்லாப் பேசினாவ, நல்ல சிரிச்ச முகம். காப்பு அறுத்தாச்சு, நேர்ச்சை முடிஞ்சுதுன்னு அவகிட்டச் சொல்லிருங்கன்னாவ."

அதற்குப் பிறகு அவர்கள் அந்த வழியாக வரவில்லை. வேண்டுதல் முடிந்தவர் வர வேண்டிய அவசியமும் இல்லை. முதலாளி பிற்பாடு இன்னும் நாலு பெண்களை எடுத்தார். எங்களைப் பற்றிப் பிறகு ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என் பிள்ளைகள் இரண்டும் படித்து முடித்தது அந்தச் சம்பளத்தில்தான். சங்கரலிங்கம் சார் இன்று இல்லை. அவர் சாவியை நீட்டிய அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இவ்வளவு பேர் எனக்காக நின்றதற்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தால், ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை.

அவருடைய நேர்ச்சை முடிந்தது என்று கேள்விப்பட்ட வாரம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். எங்கள் சபையில் ஆராதனையின் நடுவில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று நன்றிக் காணிக்கை படைப்போம். யாருக்காக, எதற்காக என்று சொன்னால், போதகர் அதைச் சபை முன்னால் அறிவித்து ஜெபிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஆராதனைக்கு முன்பே அவரிடம் போய், ஒருத்தருக்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்றேன்.

"பேரு சொல்லும்மா."

"பேரு தெரியாது ஐயா."

"எந்தச் சபை?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? "குலசைக்குக் காளி வேஷம் கட்டிப் போறவுக ஐயா" என்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சொல்லியிருக்கக்கூடாதோ என்று எனக்கு ஆகிவிட்டது. பெஞ்சில் போய்த் தலை குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

காணிக்கை நேரம் வந்தது. பிறந்தநாள், கல்யாண நாள், ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் கொஞ்சம் நிறுத்தினார்.

"தன் மகளுக்காகக் கடவுளுக்குக் குடுத்த வாக்கை, அடுத்தவங்க பிள்ளைகள் பசியாறணும்னு விட்டுக்கொடுத்து, பெறகு அதை முழுசாத் திரும்ப நிறைவேத்தின ஒரு தகப்பனுக்காக, நம்ம எஸ்தரம்மா ஸ்தோத்திரம் செலுத்துறாங்க. அவரும் அவர் வீட்டாரும் சுகமாயிருக்கட்டும்."

சபை முழுக்க எழுந்து நின்று ஆமென் சொன்னது. என் சத்தம்தான் பெரிதாகக் கேட்டிருக்கும். முன் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.